கட்டை போடு

பதினாறு வயதில் இதே மேட்டில் நான் மயங்கி விழுந்தேன். அடுத்த ஞாயிறு சபையில் அதைத் தியாகம் என்றார்கள். ஒருவர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். எங்கள் வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போய் நர்சிங் முடித்த பிறகுதான் நடந்தது என்ன என்று புரிந்தது. காலையிலிருந்து நான் தண்ணீர் குடித்திருக்கவில்லை. வண்டியை நிறுத்தச் சொன்னால் மானம் போய்விடும் என்று பயந்திருந்தேன். அந்தப் பயத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள்தான் அழுதார்கள்.

எட்டு வருடம் கழித்து, அதே பயணத்தின் பாதுகாப்புப் பொறுப்பு என் கைக்கு வந்தது.

மாடு வாங்க வசதியில்லாமல் கைவண்டி இழுத்தே வயோமிங்கைக் கடந்து மேற்கே குடியேறிய முன்னோரின் நினைவாக, நான்கு வருடத்துக்கு ஒருமுறை எங்கள் சபைப் பிள்ளைகள் நான்கு நாள் அதே மண்ணில் வண்டி இழுப்பார்கள். மூன்றாம் நாள் பெண்கள் மேடு. அன்று பையன்களை முன்னால் அனுப்பி, பாதையின் இருபுறமும் தொப்பியைக் கழற்றி, வாய் திறக்காமல் நிற்க வைப்பார்கள். பெண்கள் மட்டும் இழுத்து ஏற வேண்டும். ஏறி முடித்ததும் ஊரே பேசுவது, கை கொடுக்க முடியாமல் நின்ற பையன்களின் மனவேதனையைப் பற்றித்தான். இழுத்தவளுக்கு வலித்ததா என்று கேட்க ஆள் இல்லை.

போன தடவை ஒரு வண்டி பின்னால் உருண்டு ஒருத்தியின் கணுக்கால் முறிந்தது. அதனால் இந்த வருடம் பயணத் தலைவர் பிரதர் ஸ்டாடர்ட் பெரிய கயிறு ஒன்றோடு வந்திருந்தார்.

"மேலேருந்து பசங்க கயிறு போட்டு இழுக்கட்டும் சிஸ்டர் பிக்லர். பாரம் குறையும்ல?"

"அப்ப அதுக்குப் பேரு பெண்கள் மேடு இல்ல பிரதர். பெண்கள் சவாரி."

"கிண்டல் வேணாம். எனக்குப் புள்ளைங்க கால் முக்கியம்."

"எனக்கும் அதான் முக்கியம். ரெண்டு மணி நேரம் குடுங்க. நான் பழக்குறேன்."

அவர் கயிற்றைத் தோளில் மாற்றிக்கொண்டார். "ஒரு வண்டி ஒரு அடி பின்னால போனாலும் பசங்க இறங்கிடுவாங்க. அதுக்கப்புறம் என்னைக்கும் கயிறுதான்."

"சரி" என்றேன்.

என் அப்பா மாட்டு லாரி ஓட்டுகிறவர். மேட்டில் நிறுத்தினால் இறங்கியதும் அவர் செய்யும் முதல் வேலை சக்கரத்துக்குக் கட்டை போடுவது. கல்லூரியில் இதைச் சொல்லித் தரவில்லை. வண்டிக்கு இரண்டு பெண்களை நிறுத்தினேன், ஆளுக்கு ஒரு ஆப்புக்கட்டையோடு. சக்கரத்தின் பக்கவாட்டில்தான் நடக்க வேண்டும், வண்டிக்குப் பின்னால் ஒருத்தியும் போகக் கூடாது. பாவாடையைக் கணுக்காலுக்கு மேலே ஏற்றி முடியச் சொன்னேன்.

"அது அடக்கமா இருக்காதே சிஸ்டர்" என்றாள் ஒருத்தி.

"சக்கரத்துல சிக்குனா காலும் இருக்காது."

யார் வேண்டுமானாலும் 'நில்' சொல்லலாம், ஏன் என்று கேட்கக் கூடாது. இதை மூன்று முறை சொன்னேன். கடைசியாக, வண்டிக்கு ஒரு குரல்காரி. அவள் இழுக்க மாட்டாள். முன்னால் பின்பக்கமாக நடந்தபடி சக்கரத்தையும் முகங்களையும் பார்த்துக் குரல் கொடுப்பாள். ஏழாவது வண்டிக்கு ஆஷ்டினைப் போட்டேன். பதினாலு வயது, நறுங்கல் உடம்பு. இழுக்க லாயக்கில்லை என்று ஓரமாக விட்டிருந்தார்கள். வாய் மட்டும் அடுத்த ஊருக்குக் கேட்கும்.

ஆறு வண்டி ஏறிவிட்டது. ஏழாவதில்தான் மாவு மூட்டையும் தண்ணீர்ப் பீப்பாயும். பாதி மேட்டில் இடது சக்கரம் பள்ளத்தில் இறங்கியது. குறுக்குச் சட்டத்தைப் பிடித்திருந்தவளின் முழங்கால் நடுங்குவதை ஆஷ்டின் எனக்கு முன்பே பார்த்துவிட்டாள்.

"நில்லு! கட்டை!"

இரண்டு கட்டையும் ஒரே சத்தத்தில் விழுந்தன. வண்டி முனகியது, அசையவில்லை.

மேலே வரிசையில் நின்றிருந்த, ஆஷ்டினோடு இரட்டையாகப் பிறந்த கோல்பி நாலு எட்டு இறங்கி ஓடி வந்தான்.

"டேய், ஏறுடா மேல. நாங்க விழல, நிக்கிறோம்" என்றாள் ஆஷ்டின்.

"நிப்பீங்க, எப்படி ஏறுவீங்க?"

"ஒன்ன வாய மூடிட்டு நிக்கச் சொன்னாங்கல்ல? அந்த ஒரு வேலையக்கூட ஒழுங்கா செய்ய மாட்டியா?"

தொப்பியும் கையுமாக அவன் திரும்பிப் போனான். ஆஷ்டின் எல்லாருக்கும் தண்ணீர் கொடுக்கச் சொன்னாள். பிறகு, "மூட்டைய இறக்குங்க, பீப்பாய இறக்குங்க" என்றாள்.

மேலிருந்து பிரதர் ஸ்டாடர்ட் குரல் கொடுத்தார். "அப்படி வழக்கம் இல்லம்மா. ஏத்துன பாரத்தோடதான் ஏறணும்."

"முன்னோருங்க வழி நெடுகப் பாரத்தப் போட்டுட்டு வந்தாங்கன்னு நீங்கதானே பிரதர் சொன்னீங்க? நாங்க போட்டுட்டு வரல. தூக்கிட்டு வரோம்."

அவர் என்னைப் பார்த்தார். நான் சக்கரத்தைக் காட்டினேன். "ஒரு அடியும் போகல."

ஏறி முடித்திருந்த பெண்கள் சொல்லாமலே இறங்கி வந்து மேடு முழுக்க வரிசையாக நின்றார்கள். மூட்டை, பீப்பாய், வாளிகள் எல்லாம் கை மாறிக் கை மாறி மேலே போயின. முக்கால் மணி நேரம். அவசரப்பட்டவள் ஒருத்தி இல்லை, அழுதவளும் இல்லை. காலி வண்டி கடைசியில் ஏறியது, ஆஷ்டின் அப்போதும் பின்பக்கமாக நடந்துகொண்டு, "பள்ளம், வலது, மெதுவா" என்று அதட்டிக்கொண்டே. என் வாழ்க்கையில் பட்டம் வாங்கிய நாளில்கூட நான் அவ்வளவு நிமிர்ந்து நின்றதில்லை.

மாலையில் என் மருந்துப் பெட்டியின் முன்னால் வரிசை நீண்டது. எல்லாரும் பையன்கள். தொப்பி இல்லாமல் வெயிலில் நின்று நெற்றியும் காதும் வெந்திருந்தன.

"கொஞ்சம் சீக்கிரமா ஏறியிருக்கலாம்ல சிஸ்டர்?" என்றான் கோல்பி.

"ஒந்தங்கச்சிகிட்ட கேளு."

"ஆறு நிமிஷம் பெரியவளாம். அக்கான்னு கூப்புடணுமாம்" என்று காதைத் தடவினான்.

பிரதர் ஸ்டாடர்ட் கயிற்றோடு வந்து நின்றார். "இத என்ன செய்ய?"

"துணி காயப் போடலாம் பிரதர்."

சிரிக்கவில்லை. ஆனால் கட்டினார்.

பாதுகாப்புப் படிவத்தில் காயம் என்ற கட்டத்தை நிரப்பினேன். பெண்கள்: இல்லை. ஆண்கள்: பதினேழு பேர், வெயில்.