வெள்ளை அட்டைக்கும் வெந்நீர்

மருத்துவச்சிக்கு வேண்டியதெல்லாம் ஒரே ஒரு ஹீட்டர். பிரசவ வார்டு மேல்மாடியில், வெந்நீரோ கீழே சமையலறையில். இடுப்பு வலியில் துடிக்கிறவளுக்குச் சூடாக ஒரு துணி போட வேண்டுமென்றால் கெட்டிலோடு படியிறங்கி ஏற வேண்டும். மேலே வருவதற்குள் தண்ணீரும் ஆறிவிடும், முட்டியும் கழன்றுவிடும். பெரிய டாக்டரிடம் கேட்டதற்கு, "ஆதாரத்தோட வாங்கம்மா, பார்க்கலாம்" என்று கையைக் கழுவிவிட்டார்.

ஆதாரம்தானே, கொண்டுவந்து கொட்டுகிறேன் பார் என்று இவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. நர்ஸுகளுக்கும் மருத்துவச்சிகளுக்கும் ஆராய்ச்சி சொல்லிக்கொடுக்க பிசியோதெரபிஸ்ட் ஒருத்தி வகுப்பு நடத்திக்கொண்டிருந்தாள். அதில் போய் முதல் வரிசையில் உட்கார்ந்தாள். சூடான துணி வலியைக் குறைக்கிறதா என்று பார்க்க, இருவருமாகச் சம்மதித்த தாய்மாருக்குச் சீட்டுக் குலுக்கி, கட்டில் தலைமாட்டில் அட்டை மாட்டினார்கள். மஞ்சள் அட்டைக்குச் சூடான துணி. வெள்ளை அட்டைக்கு வழக்கம்போல முதுகு தடவலும் ஆறுதல் வார்த்தையும். வலிக்கு மார்க் போடுவது தாய்மார் பொறுப்பு.

ஆராய்ச்சி முடிகிற சமயத்தில் பிசியோ கம்ப்யூட்டரில் கூட்டிப் பார்த்தால், மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் ஒரே மார்க்!

"துணியால ஒரு பிரயோஜனமும் இல்லைன்னு ஆகுதேக்கா" என்றாள் பிசியோ.

மருத்துவச்சி திரையை எட்டிப் பார்த்தாள். ஹீட்டர் போச்சு. "என் கண்ணால பார்த்திருக்கேன்மா, துணி போட்டா மூஞ்சியே தெளியும்."

"அப்ப வார்டுல என்ன நடந்துச்சுன்னு கேட்டுட்டு வாங்க."

போய்க் கேட்டாள். நர்ஸுகள் எல்லோரும் ஒரே சமயத்தில் விட்டத்தைப் பார்த்தார்கள். 'குண்டக்கா' என்று எல்லோரும் செல்லமாகக் கூப்பிடும் மூத்த நர்ஸ்தான் வாயைத் திறந்தாள். "கையைப் பிடிச்சுக்கிட்டு 'அக்கா, முடியலைக்கா'ன்னு அழறா. நான் அட்டையைப் பார்ப்பேனா, அவ மூஞ்சியைப் பார்ப்பேனா? எல்லாருக்கும்தான் போட்டேன்."

"நானும்தான்" என்றாள் இன்னொருத்தி.

"அடிப்பாவிங்களா! என் குடியைக் கெடுத்தீங்களே! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

அப்போது ஜன்னலோரக் கட்டிலில் ஒரு பெண் முனகினாள். திட்டிக்கொண்டே போன மருத்துவச்சி, கெட்டிலில் மிச்சமிருந்த வெந்நீரில் துணியை நனைத்து, பிழிந்து, சூடு பார்த்து, அவள் இடுப்பில் வைத்து அழுத்தினாள். பின்னால் ஒரே சிரிப்பு. நிமிர்ந்து பார்த்தால் தலைமாட்டில் வெள்ளை அட்டை.

"நீங்களே இப்படின்னா நாங்க எந்த மூலைக்கு?" என்றாள் குண்டக்கா. இவளுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஆனால் பெரிய டாக்டர் முன்னால் நிற்கும்போது சிரிப்பு வரவில்லை. பூசி மெழுகலாமா என்று ஒரு கணம் சபலம் தட்டியது. பிசியோ பக்கத்திலிருந்து, "உள்ளதை உள்ளபடி சொல்லுங்கக்கா" என்று கிசுகிசுத்தாள். சொல்லிவிட்டாள், தன் கை செய்த வேலை உட்பட.

பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப எல்லாருக்கும் கீழேயிருந்தா வெந்நீர் தூக்கினீங்க? கொதிக்கிற கெட்டிலோட, அந்தப் படியில?"

"ஆமா சார்."

"யார் மேலயாவது கொட்டினா என்னம்மா பண்றது? முதல்ல ஹீட்டரை மாட்டச் சொல்றேன். ஆராய்ச்சியை விட்றாதீங்க. எதிர்ல இருக்கிற இன்னொரு பிரசவ வார்டையும் சேர்த்துக்கிட்டு மறுபடி பண்ணுங்க. அங்க துணி வேண்டாம், இங்க மட்டும்."

இவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஆராய்ச்சி தோற்று, ஹீட்டர் ஜெயித்துவிட்டது.

ஹீட்டர் வந்தது, இரண்டாவது ஆராய்ச்சியும் ஆரம்பித்தது. அன்றைக்கே எதிர் வார்டு நர்ஸ் ஒருத்தி காலிப் பாத்திரத்தோடு வாசலில் வந்து நெளிந்தாள்.

"அக்கா, கொஞ்சம் வெந்நீர்... கை கழுவத்தான்."

மருத்துவச்சி அவளை மேலும் கீழும் பார்த்தாள். பாத்திரத்தை வாங்கி, குழாயைத் திறந்து, முக்கால்வாசி நிரப்பினாள்.

"எந்தக் கட்டில் பொண்ணுக்குடி? சொல்லிட்டுப் போ, இந்தத் தடவை எழுதிக்கணும்."