இரண்டு பேருக்கு வைத்த வண்டி

“போன்ல சொல்லி முடிக்கிற வேலை இல்ல, லோர்னா. உக்காரப்போற ரெண்டு பேரும் வரணும். ஹெல்மெட், பூட்ஸு, கோட்டு எல்லாம் மாட்டிக்கிட்டு வரணும். இல்லாட்டி அளவு தப்பாயிடும்.”

ஆர்விட் கெஸ்டிலா இதைப் பல் பிடுங்க நாள் குறித்துக் கொடுக்கும் டாக்டரின் குரலில் சொல்லிவிட்டு போனை வைத்தார். பட்டறையின் மறுகோடியில் பனிமேல் எஞ்சினில் ஓடும் பனிவண்டி ஒன்றின் முன்சறுக்குக்கு அரம் போட்டுக்கொண்டிருந்த அவர் மகள் மாரிட்டின் கை நின்றுவிட்டது. லோர்னா அவளுடைய அம்மா. அப்பாவை விட்டுப் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. உட்காரப்போகும் இரண்டாவது ஆள் யார் என்பது ஊருக்கே தெரியும். இப்போது அவளோடு இருக்கும் மருந்துக்கடை கோர்டன்.

“உனக்கென்ன பைத்தியமாப்பா?”

“ரெண்டு பேருக்கு ஸ்பிரிங் வெக்கணும்னா ரெண்டு பேரும் உக்காந்துதானே பாக்கணும்.”

“நான் அதைக் கேக்கல.”

“எனக்கு அது ஒண்ணுதான் தெரியும்,” என்றார் அப்பா. ஒரு விறகை அடுப்புக்குள் தள்ளினார்.

அது ஒன்றுதான் தெரியும் என்பது அடக்கமும் இல்லை, பொய்யும் இல்லை. ஏரிப் பக்கத்திலிருந்து பனி கொட்ட ஆரம்பித்தால் ஏப்ரல் வரை நிற்காத ஊர் அது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாலம் தாண்டி வரும் வெளியூர்க்காரர்கள் இரண்டே நாளில் காட்டுப்பாதையைத் தகரக்கூரை மாதிரி அலை அலையாக்கிவிட்டுப் போவார்கள். அதன்மேல் நாற்பது மைல் போய் இறங்கியவனுக்கு முதுகெலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாக வலிக்கும். ஊரில் பாதிப் பேர் முதல் பனி விழுந்ததும் வண்டியை ஆர்விட்டிடம் கொண்டுவந்து விடுவார்கள். அவர் ஆளை உட்காரவைத்து, வண்டியின் பின்பக்கம் எவ்வளவு அமுங்குகிறது என்று அளந்து, அந்த உடம்புக்கென்று ஸ்பிரிங்கை வைத்துக் கொடுப்பார். வீட்டை விட்டுப் போன பெண்டாட்டியும், போன வருஷம் தவிர, வருஷாவருஷம் டிசம்பரில் வண்டியோடு வந்து நிற்பாள். மாரிட்டுக்கு இது பதினாலு வயதிலிருந்தே எரிச்சல். கெஸ்டிலா குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரியை முடித்தவள் அவள், அதிலும் இயந்திரவியல். சனி ஞாயிறுகளில் வீட்டுக்கு வந்து, யாரும் கேட்காமலேயே அப்பாவுக்காகக் கோபப்படுவதை ஒரு கடமையாக வைத்திருந்தாள்.

இந்த வருஷம் கோபத்துக்குக் கூடுதல் காரணம் இருந்தது. பட்டறை மூலையில் அப்பாவின் சொந்த வண்டி நின்றது. நீளமான சாம்பல்நிற வண்டி, இரண்டு பேர் உட்காரும் இருக்கை. அதன் கண்ணாடியில் அட்டை தொங்கியது. “விற்பனைக்கு.” மூன்று குளிர்காலமாக அப்பா வண்டியில் போய்விட்டு வந்தால் சமையலறைத் தரையில் மல்லாந்து படுத்துவிடுகிறார். அரைமணி நேரம் பேச்சு வராது. முதுகு போயிடுச்சு, வயசு அம்பத்தெட்டு, போதும் என்கிறார். அடுத்த வாரச் சனிக்கிழமை பனிவண்டிக் கிளப்பு ஆட்கள் எல்லோரும் வண்டியில் ஏரிக்கரை விடுதிக்குப் போகிறார்கள். இருபத்தாறு வருஷத்தில் முதல்முறையாக அப்பா பேர் கொடுக்கவில்லை. அந்த ஊரில் ஜனவரியில் வண்டி இல்லாத ஆள் என்ன ஆவான் என்று மாரிட் பார்த்திருக்கிறாள். ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்காருவான். அடுத்தவன் வண்டி போகும் சத்தத்தை வைத்து அது எந்த வருஷத்து எஞ்சின் என்று சொல்வான். அவ்வளவுதான்.

மறுநாள் சனிக்கிழமை பதினோரு மணிக்கு அம்மா தன் பனிவண்டியை ஏற்றிய டிரெய்லரை ஒரே வீச்சில் பின்னால் எடுத்துக் கதவோடு சேர்த்து நிறுத்தினாள். கோர்டன் இறங்கினார். பெரிய உடம்பு, சிறிய மீசை, கையில் ஹெல்மெட்டைத் தட்டு மாதிரி ஏந்திக்கொண்டிருந்தார். புதுப் பனிக்கால்சட்டை நடக்கும்போதெல்லாம் சரக் சரக் என்றது.

“இடது கண்ணு சரியாத் தெரியாதுங்க. அதனால நான் ஓட்டறதில்ல. லோர்னாதான்,” என்றார், குற்றத்தை ஒப்புக்கொள்பவர் மாதிரி.

“நல்லதாப் போச்சு. பின்னாடி உக்காந்து போறதுதான் அவளுக்குப் புடிக்காது,” என்றார் அப்பா.

“உனக்குப் பின்னாடி புடிக்காதுன்னு சொல்லு,” என்றாள் அம்மா.

அப்பா சிரித்தார். மாரிட் சிரிக்கவில்லை.

அம்மா கையிலிருந்த அலுமினியத் தாள் பொட்டலங்களை, வண்டியின் புகைக்குழாயின் மேல் பொருத்திய இரும்புப் பெட்டியில் அடுக்கினாள். இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்து மாவில் மடித்த பேஸ்டி. இந்த வேலைக்கு அப்பா வாங்கும் கூலி அதுதான். வண்டி ஒரு சுற்றுப் போய்வந்தால் சூடாகிவிடும்.

“எங்கம்மா இதுல கேரட்டும் போடுவாங்க,” என்றார் கோர்டன்.

அப்பா நிமிர்ந்து பார்த்தார். “கேரட்டா? பாலத்துக்கு அந்தப் பக்கம் எதுவும் நடக்கும்.”

வேலை ஆரம்பித்தது. அப்பா வண்டியின் பின்கம்பியைப் பிடித்து உயரத் தூக்கினார். மாரிட் தரையில் மண்டியிட்டு டேப்பை வைத்தாள். தரையிலிருந்து கம்பிவரை பதினாறரை அங்குலம். அம்மா ஏறி உட்கார்ந்தாள். பிறகு கோர்டன் ஒரு காலைத் தூக்கினார், பாதியில் யோசித்தார், மறுகாலைத் தூக்கினார், ஒருவழியாக இருக்கையின் கடைசி ஓரத்தில், பஸ்ஸில் தெரியாத பெண்ணின் பக்கத்தில் இடம் கிடைத்தவர் மாதிரி உட்கார்ந்தார்.

“அப்படி இல்லைங்க. போறப்ப எப்படி உக்காருவீங்களோ அப்படி உக்காரணும்.”

கோர்டன் இரண்டு அங்குலம் முன்னால் நகர்ந்தார்.

“கையை எங்க வெப்பீங்க?”

கோர்டன் அப்பாவைப் பார்த்தார். மாரிட் டேப்பைப் பார்த்தாள்.

“வெக்கற எடத்துல வையுங்க. கை பின்னாடி இருந்தா எடை பின்னாடி போகும், முன்னாடி இருந்தா முன்னாடி வரும். எனக்கு அளவு சரியா வேணும்.”

கோர்டன் இரண்டு கைகளையும் மெதுவாக அம்மாவின் இடுப்பைச் சுற்றி வைத்தார். அப்பா இருக்கையைத் தோளால் ஒரு அமுக்கு அமுக்கி ஆடவிட்டார். பிறகு கேட்டார், “எவ்வளவு?”

டேப்பை அடுப்புக்குள் எறிய வேண்டும்போல இருந்தது மாரிட்டுக்கு. “ஒன்பதரை,” என்றாள்.

“ஏழு அங்குலம் எறங்குது. பாதி ஸ்பிரிங் இங்கயே தீந்துபோச்சு. எடை எவ்வளவுங்க?”

“எரநூத்திப் பத்து பவுண்டு.”

“எரநூத்தி நாப்பது,” என்றாள் அம்மா, ஹெல்மெட்டுக்குள்ளிருந்து.

“உன்னோடது?”

“உனக்குத் தெரியும்.”

“கூடியிருக்கலாம்ல.”

“கூடல.”

அப்பா தலையாட்டினார். அவர்களை இறக்கிவிட்டு, ஸ்பானரோடு வண்டிக்கடியில் குனிந்தார். இரண்டு பக்கத்து ஸ்பிரிங்கும் நாலு முகம் கொண்ட சின்னக் கட்டைகளில் முட்டி நிற்கும். முகங்களில் ஒன்றிலிருந்து நான்கு வரை எண்கள். ஒன்று தனியாள், அதுவும் ஒல்லியானவன். நான்கு என்றால் ஸ்பிரிங் ரொம்ப விறைப்பு, இரண்டு பேருக்கு, மூட்டையோடு. அவர் இரண்டிலிருந்து மூன்றுக்குத் திருப்பினார். உட்காரச் சொன்னார். அளந்தார். இறக்கினார். நான்குக்குத் திருப்பினார். மறுபடி உட்காரச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் கோர்டனின் கால்சட்டை சரக் என்றது. மூன்றாம் தடவை அம்மா சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். அடக்க முடியாமல், வண்டியே குலுங்கும்படி.

“சிரிச்சா அளக்க முடியாதும்மா,” என்றாள் மாரிட் கடுப்பாக.

“சிரிச்சுக்கிட்டேதான் போவோம். அப்படியே அள.”

நாலரை அங்குலம். அப்பாவின் முகத்தில் தூங்கி எழுந்த குழந்தையின் திருப்தி. கொல்லைப்புறத்துப் பாதையில் மேடுகள் மோசமாக இருக்கும் இடத்தில் ஒரு சுற்றுப் போய்வரச் சொன்னார். வண்டி கிளம்பியது. அப்பா வாசலில் நின்று, அது மேடுகளில் ஏறி இறங்குவதைக் கண்ணால் எண்ணிக்கொண்டிருந்தார்.

“இதுக்கு வேற ஆளா கிடைக்கல அம்மாவுக்கு?” என்றாள் மாரிட்.

“போன வருஷம் டவுன்ல வெச்சுக் குடுத்தாங்க. ரெண்டு நாள் எந்திரிக்கல அவ.”

“எந்திரிக்காட்டி உனக்கென்ன?”

அப்பா பாதையைக் காட்டினார். “பாரு, பின்பக்கம் துள்ளவே இல்ல,” என்றார்.

திரும்பி வந்தபோது கோர்டனின் ஹெல்மெட் கண்ணாடி முழுக்க மூச்சின் ஆவி படிந்திருந்தது. அதோடேயே சிரித்தார். “சோபாவுல உக்காந்த மாதிரி இருக்குங்க. நெசமாவே.”

அப்பா ஷாக் அப்சார்பரின் திருகை மட்டும் ஒரு கிளிக் தளர்த்தினார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டே கோர்டனிடம் சொன்னார், “வலது பக்க வளைவு வந்தா இவ வேகத்தைக் குறைக்க மாட்டா. நல்லாப் புடிச்சுக்க. அவகூடவே சாஞ்சிடு, எதிர்ப்பக்கம் சாயாத.”

“சரி,” என்றார் கோர்டன். ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே கேட்டார். “அடுத்த சனிக்கிழமை நீங்க வரலியா?”

“முதுகு.”

அம்மா அப்போதுதான் மூலையில் தொங்கிய அட்டையைப் பார்த்தாள். நேரே அந்தச் சாம்பல் வண்டியிடம் போனாள். கையுறையைக் கழற்றிவிட்டு, அதன் பின்பக்கத்தை உள்ளங்கையால் அழுத்தினாள், அடுமனைக்காரி ரொட்டியை அழுத்திப் பார்ப்பது மாதிரி. வண்டி அமுங்கவில்லை. இரண்டு கையாலும் அழுத்தினாள். கல் மாதிரி நின்றது. அம்மா கையை எடுத்துக்கொண்டாள். அவள் முகத்தில் ஏதோ ஒன்று வந்துவிட்டுப் போனதை மாரிட் பார்த்தாள். அம்மா கையுறையை மாட்ட ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள்.

“பேஸ்டி சூட்டோட சாப்பிடு, ஆர்விட்,” என்றாள். பொட்டலங்களை எடுத்து வைத்துவிட்டு, டிரெய்லரை வாசலிலேயே விட்டு, இருவரும் வண்டியில் இன்னொரு பெரிய சுற்றுக்குக் கிளம்பினார்கள்.

அப்பா காப்பி எடுக்க உள்ளே போனதும் மாரிட் டார்ச்சோடு சாம்பல் வண்டிக்கடியில் நுழைந்தாள். பழைய கிரீஸ், காய்ந்த ஊசியிலை. இடது கட்டையில் நான்கு. சுற்றி ஊர்ந்து வலது கட்டையைப் பார்த்தாள். நான்கு. திருகாணிகளில் துரு படிந்திருந்தது. வருஷக்கணக்கில் யாரும் தொடாத துரு.

அம்மா தனக்கென்று வண்டி வாங்குவதற்கு முன்னால் அந்த வண்டியில் அப்பாவுக்குப் பின்னால்தான் போவாள். அவள் போன பிறகு ஒன்பது குளிர்காலம். ஊரில் ஒவ்வொருத்தன் பின்பக்கத்தையும் கால் அங்குலம் பிசகாமல் அளந்த மனுஷன், இரண்டு பேருக்கு வைத்த வண்டியில் தனியாக, ஒவ்வொரு மேட்டிலும் தூக்கி எறியப்பட்டு, வீட்டுக்கு வந்து தரையில் படுத்திருக்கிறார். அதற்கு வயது என்று பெயர் வைத்திருக்கிறார். மாரிட்டுக்குக் கோபம் வந்தது. இத்தனை நாளும் அதை அம்மா பக்கமாகவே வீசிக்கொண்டிருந்தவள், இப்போது எந்தப் பக்கம் வீசுவது என்று தெரியாமல் வண்டிக்கடியிலேயே படுத்துக்கிடந்தாள்.

அப்பாவின் பூட்ஸ் கண்ணெதிரே வந்து நின்றது.

“அங்க என்ன பண்ற?”

“இது நாலுல இருக்குப்பா.”

பூட்ஸ் அசையவில்லை. “அப்படியா,” என்றது மேலிருந்து குரல். “மறந்திருப்பேன்.”

போன மாதம் தபால்காரருக்கு, அவர் வண்டியில் பல வருஷம் முன்னால் எந்த போல்ட்டை எந்தத் தேதியில் மாற்றினோம் என்று சொன்னவர் அவர். மாரிட் ஊர்ந்து வெளியே வந்தாள். அவர் இரண்டு கையிலும் காப்பிக் கோப்பைகளைப் பிடித்துக்கொண்டு, கக்கத்தில் ஏலக்காய் ரொட்டியோடு, பிடிபட்ட பையன் மாதிரி நின்றார்.

“உக்காரு,” என்றாள்.

“எங்க?”

“வண்டில. ஹெல்மெட், கோட்டு எல்லாம் மாட்டிக்கிட்டு. இல்லாட்டி அளவு தப்பாயிடும்.”

“விக்கப்போற வண்டிக்கு எதுக்கு?”

“வாங்கறவன் உன் எடையே இருக்கலாம். உக்காருப்பா.”

அவர் கோப்பைகளை வைத்துவிட்டு மாட்டிக்கொண்டு வந்தார். ஏறி உட்கார்ந்தார். மாரிட் அளந்தாள். ஒரே ஒரு அங்குலம்தான் இறங்கியது. இறக்கிவிட்டு, எண்ணெய் ஊற்றி, துருவோடு மல்லுக்கட்டி, இரண்டு கட்டைகளையும் இரண்டாம் எண்ணுக்குத் திருப்பினாள். கை தோல் உரிந்தது. மறுபடி உட்காரச் சொன்னாள். இரண்டு அங்குலம். கணக்குப்படி மூன்றரையாவது இறங்க வேண்டும். ஸ்பிரிங் சரி, எடை சரி. அவள் எழுந்து பக்கவாட்டில் வந்து பார்த்தாள்.

அப்பா கைப்பிடியோடு ஒட்டி, முழங்கால் இரண்டும் முன்மூடியில் இடிக்க உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் அரை இருக்கை காலியாக இருந்தது.

“போறப்ப எப்படி உக்காருவியோ அப்படி உக்காரு.”

“இப்படித்தான் உக்காருவேன்,” என்றார், திரும்பாமல்.

மாரிட் மறுபடி டேப்பை எடுத்தாள்.  அடுப்பில் ஒரு கட்டை வெடித்தது. வெளியே தூரத்தில், வலது பக்க வளைவில் வேகம் குறைக்காத ஒரு எஞ்சினின் சத்தம் கேட்டு மெலிந்தது. அவர் தலை அந்தப் பக்கம் கொஞ்சம் திரும்பி, மறுபடி நேரானது.

அவள் தரையில் படுத்து, டேப்பின் நுனியைச் சிமெண்டில் ஊன்றி, டார்ச்சைப் பற்களில் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். மேலே இருக்கையின் தோல் பின்பக்கமாக லேசாக உரசும் சத்தம். பின்கம்பி டேப்பின் மேல் கால் அங்குலம் இறங்கியது. நின்றது. பிறகு இன்னொரு கால் அங்குலம்.