ஜெமிலியா இருந்த அலமாரி

உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டிச் சேமிக்கும் அங்காராவின் உலர்தாவரக் கூடத்தில், கடுகுக் குடும்பச் செடிகளுக்கு மட்டும் பதினோரு அலமாரிகள். எது எங்கே என்று நெர்மினுக்கு அத்தனையும் அத்துப்படி. ஒரேயொரு போன் செய்யத்தான் துப்பில்லை.

இங்கேயே வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஃபெரிதே அக்கா, ஒரு காலத்தில் எர்ஜியஸ் மலைச்சரிவில் ஒரு செடியைக் கண்டெடுத்தார். புதுப் பேரினம் என்று அறிவித்து, செடி அழுத்தும் பலகைகளை மலைமலையாகச் சுமந்த கணவர் ஜெமிலின் பெயரை வைத்தார்: ஜெமிலியா. அந்த மனிதர் போய் ஆறு வருடமாகிறது. இப்போது பெயரும் போய்விட்டது. மரபணுச் சோதனையில் அது வேறொரு பழைய பேரினத்துச் செடி என்று தெரிந்து, நெர்மினே கட்டுரையும் எழுதிவிட்டாள். மூத்த பெயர்தான் நிற்கும் என்பது விதி. அதை அக்காவிடம் சொல்ல இன்றைக்கு, நாளைக்கு என்று எட்டு மாதம் ஓட்டினாள்.

மே மாதம், ஜெமில் இறந்த நாளில், வருடா வருடம் வருவதுபோல அக்கா வந்தார். அலமாரியைத் திறந்தார். ஜெமிலியாவின் கோப்பைக் காணோம். தொலைத்துவிட்டார்கள் என்று பதறினார். வேறு வழியில்லாமல் நெர்மின் பழைய பேரினத்தின் கோப்பை எடுத்து விரித்து, விஷயத்தைச் சொன்னாள். செடி ஒட்டிய தாளில் அக்கா கைப்பட எழுதிய பெயர்ச் சீட்டு அப்படியே இருந்தது. பழைய சீட்டை இங்கே யாரும் கிழிப்பதில்லை. பக்கத்தில் நெர்மினின் புதுச் சீட்டு.

அக்கா அழவில்லை. அடுத்த தாளில் ஒட்டியிருந்த காகிதப் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே முற்றிய காய்கள். கடுகுக் குடும்பத்தில் காயைப் பார்க்காமல் பெயர் வைக்கக் கூடாதென்று முதலாண்டு மாணவருக்கும் தெரியும். அக்கா அவசரத்தில் பூவை மட்டும் பார்த்துப் பெயர் வைத்திருந்தார்.

"அடுத்த வருஷமே அவரு காய் பறிச்சிட்டு வந்தாரு. பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு, இது புதுசு இல்லேன்னு. அதுக்குள்ள மனுஷன் டீக்கடை முழுக்க, என் பேர்ல ஒரு செடி இருக்குன்னு சொல்லிட்டுத் திரியறாரு. என்ன பண்ணுவேன்? மடிச்சு வச்சுட்டேன்."

அக்கா மனசு கஷ்டப்படுமே என்றுதான் சொல்லவில்லை என்றாள் நெர்மின்.

"நான் அவருக்காக மறைச்சேன். நீ யாருக்காக மறைச்சே?"

தனக்காகத்தான். ஐந்து நிமிடச் சங்கடத்துக்குப் பயந்துதான். நெர்மினுக்கு வெட்கமாக இருந்தது.

அக்கா புதுச் சீட்டின் ஓரத்தை நகத்தால் மெல்ல நெம்பிப் பார்த்தார். பசை எப்போதோ இறுகிவிட்டிருந்தது.

"தப்பு என்னுது. ஒட்டறதுக்காவது என்னைக் கூப்பிட்டிருக்கலாம்டி."