சீக்கு வராத சீக்காளி மரம்

புது ரக மாங்கன்றுகளை விற்க நர்சரிக்காரர் பெரிதாக எதுவும் மெனக்கெடவில்லை. வாசலில் புது ரக மரம் ஒன்று. அதன் தோளை உரசிக்கொண்டு, சாம்பல் நோய்க்கு முதல் ஆளாய்ப் பாய் விரிக்கும் பழைய ரகம் ஒன்று. இரண்டுக்கும் மருந்து கிடையாது. பூக்கும் காலத்தில் பழையது மாவைக் கொட்டினாற்போல் வெளுத்துப்போகும். புதியது பளபளவென்று நிற்கும். வாய் வலிக்கப் பேச வேண்டியதில்லை.

மலைச்சரிவு முழுக்க மாமரம் நடப்போகும் தோப்புக்காரர் அன்று வந்தார். கன்றுகளோ பையைப் பிய்த்துக்கொண்டு வேர்விட்டிருந்தன. இவர் எடுக்காவிட்டால் அத்தனையும் அடுப்புக்குத்தான்.

"புதுசுல நோய் அண்டாதுண்ணே. பக்கத்துல பழசைப் பாருங்க, எப்படி..." என்று நீட்டிய கையை நர்சரிக்காரர் மடக்க மறந்தார்.

பழைய மரத்தில் கொத்துக் கொத்தாய்ப் பூ. பொட்டு வெள்ளைகூட இல்லை.

"நல்லாத்தானே இருக்கு?" என்றார் தோப்புக்காரர்.

"உள்ளுக்குள்ள சீக்குண்ணே."

பூவாளியோடு வந்த நர்சரிக்காரர் மனைவி சும்மா போயிருக்கலாம். "நான்தான் மருந்தடிச்சேன். வருஷா வருஷம் வாசல்ல ஒரு சீக்காளிய நிக்கவச்சு வேடிக்கை காட்டினா எனக்குப் பொறுக்கல. இந்த வருஷம் ரோஜாவுக்குக் கலக்குறதுல மிச்சத்த வாராவாரம் அதுக்கு அடிச்சுட்டேன்."

"அடிப்பாவி!"

"அப்ப எனக்குப் பழசே போதுமே. விலையும் பாதி," என்றார் தோப்புக்காரர்.

"மலைமேல வாராவாரம் மருந்து டப்பாவ யாருண்ணே தூக்குவா? நீங்களா?" என்றார் நர்சரிக்காரர்.

தோப்புக்காரர் தன் தொந்தியை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார். பிறகு அவள் பக்கம் திரும்பிக் கண்ணை இடுக்கினார். "சரி தங்கச்சி, புதுசுக்கும் சேர்த்து அடிச்சியா?"

நர்சரிக்காரர் மனைவியின் வாயையே பார்த்தார்.

"நல்லா இருக்கிறவனுக்கு யாராவது மருந்து கொடுப்பாங்களா? அதுமேல ஒரு சொட்டு விடல."

தோப்புக்காரர் தொடையைத் தட்டிச் சிரித்தார். "யோவ், உன் பேச்ச நான் நம்பல. புருஷன இப்படி மாட்டிவிடுறவ பொய் சொல்லமாட்டா. புதுசே எடுத்துக்கிறேன்." மரத்துக்கே இளகுகிற மனசு, விலையிலும் இளகும் என்று கணக்குப் போட்டு, "விலைய மட்டும் தங்கச்சிகிட்ட பேசிக்கிறேன்," என்றார்.

அவள் பூவாளியைக் கீழே வைத்தாள். புருஷன் கேட்க நினைத்திருந்ததைவிடக் கூடுதலாகவே கேட்டாள்.

"என்னம்மா, ஒரு இரக்கம் வேணாமா?"

"உங்களுக்கு என்னண்ணே, நல்லாத்தானே இருக்கீங்க!"