அழுது காட்டுறவர்

சந்தையில் பாரைமீனை வெட்டிக்கொண்டிருந்தவன் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்.

“அண்ணை, அதை ஒருக்காச் செய்து காட்டுங்கோவன்.”

அருள்மலர் பையை விரித்துப் பிடித்தபடி நின்றாள். கணவர் கிறிஸ்தோபர் மறுத்துவிடுவார் என்றுதான் நினைத்தாள். அவரோ தொண்டையைச் செருமினார். உதட்டைக் கோணி, மூக்கை உறிஞ்சி, “மை பிரெண்ட் இஸ்... மை பிரெண்ட் இஸ்...” என்று விம்மினார். சுற்றி நின்றவர்கள் வெடித்துச் சிரித்தார்கள். மீன்காரன் ஒரு துண்டு கூடப் போட்டான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் நாலடி முன்னால் நடந்தாள். அவர் மெல்லச் சீட்டியடித்துக்கொண்டு வந்தார்.

அந்த அழுகை முதலில் வந்தது, சிநேகிதர் பாக்கியரத்தினம் ஓய்வுபெற்றபோது நடந்த பிரியாவிடையில். துறைமுக வேர்க்ஷாப்பில் அவரும் கிறிஸ்தோபரும் இளந்தாரிகளாகச் சேர்ந்து வெல்டிங் பழகியவர்கள். சண்டைக் காலத்தில் ஒருவர் வேலைக்கு வர ஏலாமல் போனால் மற்றவர் அந்த வீட்டுக்கும் அரிசி கொண்டுபோவார். மேடை என்றாலே ஒளிந்துகொள்ளும் கிறிஸ்தோபர் அன்று தானாகவே எழும்பி மைக்கை வாங்கினார். கொழும்பிலிருந்து வந்த அதிகாரிகள் முன்வரிசையில் இருந்ததால் “மை பிரெண்ட் இஸ்” என்று இங்கிலீஷில் தொடங்கினார். அடுத்த சொல் வரவில்லை. திரும்பத் திரும்ப அதே இடத்தில் போய் முட்டி, கடைசியில் குழந்தைபோல அழுதார். எச்சில் வடிந்தது. மைக் கீச்சிட்டது. பாக்கியரத்தினம் ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டார்.

யாரோ போனில் எடுத்துப் பரப்பிய வீடியோவில் கட்டிப்பிடித்ததை வெட்டிவிட்டிருந்தார்கள். அதற்குப் பதிலாகக் கழுதை கத்தும் சத்தத்தைச் சேர்த்திருந்தார்கள். வெருகலில் இருக்கும் சொந்தக்காரர்வரை எல்லோருடைய போனுக்கும் அது போய்ச் சேர்ந்தது. மகள் சுலக்ஷனாகூட முதலில் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

அந்த நாட்களில் பின்னேரத் தேநீரோடு தாயும் மகளும் தொடர் ஒன்று பார்ப்பார்கள். அதன் நாயகன் கடத்தல்காரன். கூட்டாளியைக் கழுத்தை நெரித்துக் கொன்றுவிட்டு, காருக்குள் தனியே இருந்து அழுதான். சுலக்ஷனா தேநீரைக் குடிக்க மறந்து விசும்பினாள். அருள்மலரும் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். துடைத்ததும் அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

“இவன் கொலைகாரன், பிள்ளை. இவன் அழ நீயும் அழுறாய். அப்பா அழேக்க மட்டும் ஏன் சிரிப்பு வந்தது?”

சுலக்ஷனா தொடரின் சத்தத்தைக் குறைத்தாள்.

“இவன் அழுறது வடிவா இருக்கம்மா,” என்றாள். பிறகு, தான் சொன்னது தனக்கே கேட்டதுபோல எழும்பிக் குசினிக்குள் போய்விட்டாள்.

வீடியோ பரவியபின் கிறிஸ்தோபர் கொஞ்சக் காலம் காய்ச்சல் என்று சொல்லி வீட்டோடு கிடந்தார். பூசைக்கும் போகவில்லை. பிறகு ஒருநாள் பஸ்ஸில் நாலைந்து பெடியள் அவரைச் சூழ்ந்து படம் எடுத்துக்கொண்டார்களாம். முகம் மலர வந்தார். “எல்லாரும் என்னோட கதைக்கினம், மலர்,” என்றார். அவள் கழுவி முடித்த பாத்திரத்தைத் திரும்பவும் கழுவினாள். அதன்பின் குளியலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து விம்மல் கேட்கும். நிற்கும். இன்னும் கொஞ்சம் நீட்டி மறுபடி தொடங்கும். அவர் பழகுகிறார் என்பதை அவள் மகளுக்குக்கூடச் சொல்லவில்லை.

பாக்கியரத்தினம் அன்புவழிபுரத்திலிருந்து சைக்கிளில் வந்தார். கதிரையில் சாயாமல் விளிம்பில் இருந்தார்.

“டேய், அது எனக்காக அழுதது. அதை ஏன்ரா சந்தையில வைக்கிறாய்?”

“சும்மா பகிடிக்குத்தானே, மச்சான்.”

பாக்கியரத்தினம் தேநீரைத் தொடாமல் எழும்பிப் போனார். பிறகு வரவில்லை. கிறிஸ்தோபரும் போகவில்லை, போவோம் போவோம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். மாரி தொடங்கியதும் பாக்கியரத்தினத்தின் சாவுச் செய்திதான் வந்தது. முற்றத்தில் நின்றபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டாராம்.

சேமக்காலையில் வெட்டிய குழியைச் சுற்றி மண் குழைந்து கிடந்தது. செத்தவீட்டிலும் வழியிலும் கிறிஸ்தோபர் கண் கலங்கவில்லை. பெட்டி குழிக்குள் இறங்கி அடியில் தட்டிய சத்தம் கேட்டபோதுதான் “மச்சான்” என்றார். தொடர்ந்து ஓர் அழுகை வந்தது. குளியலறையில் அருள்மலர் ஒருநாளும் கேட்டிராத அழுகை அது. அடிவயிற்றிலிருந்து, அசிங்கமாக, மூச்சு முட்டி வந்தது.

பின்னால் யாரோ அடக்கமாட்டாமல் சிரித்தார்கள். இன்னொருவர் “உஷ்” என்றார். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு போன் உயர்ந்தது. அதைப் பார்த்து இன்னும் சில உயர்ந்தன. பாதர் செபத்தை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

கிறிஸ்தோபருக்கும் கேட்டது. தலையைத் தூக்கி போன்கள் இருந்த பக்கம் பார்த்தார். கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருக்க, அவருடைய உதடு தன்பாட்டில் கோணியது. மூக்கு உறிஞ்சியது. சந்தையில் கோணுவதுபோலவே.

அருள்மலர் சேற்றில் வழுக்கியபடி ஓடிவந்து அவருக்கு முன்னால் நின்றாள். சேலைத் தலைப்பை இழுத்து அவர் முகத்தை மறைத்தாள்.

“அங்க பாக்காதேங்கோ. என்னைப் பாருங்கோ.”

“மலர்,” என்றார் அவர், தலைப்புக்குள்ளிருந்து. “இப்ப நான் அழுறனா, செய்து காட்டுறனா? எனக்கே விளங்கேல்லை.”

அவள் அவர் தோளைப் பிடித்துக் குழியின் ஓரத்துக்குக் கூட்டிப்போனாள். ஒவ்வொருவராக மண் போட்டுவிட்டு ஆட்கள் விலகினார்கள். போன்கள் சட்டைப்பைக்குள் போயின. தூறல் கனத்தது. கிறிஸ்தோபர் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளிக் கையை நீட்டினார். மண்வெட்டிகளோடு நின்ற இருவரும் காத்திருந்தார்கள். பொத்திய விரல்களுக்கிடையால் செம்மண் தண்ணீர் வடிந்து குழிக்குள் சொட்டியது. கை திறக்கவில்லை.