வண்டு வாய் வைக்காத பூ

என் தம்பி சோலைமலையின் பெண்டாட்டி மீனம்மாவுக்கு இரண்டு முறை கரு தங்காமல் போய்விட்டது. மூன்றாவது நின்று ஆறு மாதமும் ஆனது. அவளுக்கோ சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம். இலங்கை மலையில், நோர்வூட்டுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்துச் சிவன் கோயில் பண்டாரம் சிவசாமியிடம் போய் அழுதாள்.

"சிவராத்திரிக்குத் தும்பைப்பூ மாலை போடும்மா. வண்டு வாய் வச்ச பூ எச்சிப் பூ, அது ஆகாது. வெளிச்சம் வர்றதுக்குள்ள பறிச்சிரணும்" என்றார்.

அவருக்கென்ன, சொல்லிவிட்டார். தும்பைப்பூ ஒவ்வொன்றும் அரிசி பருமன்தான் இருக்கும். தேயிலைக்குள் முளைத்தால் புல்லு வெட்டுகிறவர்கள் விட்டுவைக்க மாட்டார்கள். தேயிலை போடாத பத்தனைப் புல்சரிவில், மானாப்புல்லுக்கு நடுவேதான் அது காடாகக் கிடக்கும். பறித்துவிட்டு, காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கும் ஓட வேண்டும். பிந்தினால் அன்றைய பேர் போய்விடும், கூலியும் கிடையாது. வயிற்றுப் பிள்ளைக்காரியை இருட்டில் தனியாக அனுப்ப மனசு வரவில்லை. திட்டிக்கொண்டே நானும் கூடப் போனேன். அது ஐம்பத்து நாலாம் வருடச் சிவராத்திரி.

நாங்கள் ஏறி முடிக்கவும் லேசாக வெளுக்கவும் சரியாக இருந்தது. சரிவு முழுக்கப் பொரியைக் கொட்டினது போல வெள்ளை. "நல்ல வேளை, ஒரு வண்டையும் காணோம். பறி, பறி" என்றேன்.

குனிந்த மீனம்மா கையை இழுத்துக்கொண்டாள்.

"மதினி, இங்க பாருங்க."

பூங்கொத்துக்குக் கீழே, தண்டை வாயால் கவ்விக்கொண்டு ஒரு வண்டு தொங்கியது. வயிற்றில் நீலப் பட்டை, உடம்பெல்லாம் பனித்துளி. பக்கத்துச் செடியில் வரிசையாக நாலைந்து. அதற்கடுத்த செடியிலும் அப்படியே. காலைக்கூட ஊன்றாமல், வாய்ப்பிடியிலேயே தூங்கிக்கொண்டிருந்தன. பிறந்ததிலிருந்து இந்த மலையில்தான் இருக்கிறேன். சளிக்கும் தலைவலிக்கும் எத்தனையோ தடவை தும்பை பறித்திருக்கிறேன். இப்படியொரு அழகை நான் கண்டதேயில்லை.

ஆனால் நேரமாகிறதே! ஒரு செடியை உலுக்கினேன். பொத்தென்று ஒன்று ஈரப்புல்லில் விழுந்து, பறக்க முடியாமல் காலை மடக்கிக்கொண்டது. மீனம்மா அதை உள்ளங்கையில் எடுத்து வாயருகே வைத்து ஊதினாள். அவள் மூச்சுச் சூட்டில் அதன் றெக்கை மெல்ல நடுங்கியது.

கீழே பெரட்டுக்குக் கூப்பிடுகிற தப்பு மேளம் கேட்டது.

"ஏண்டி, ஒனக்குப் புள்ள வேணுமா வேணாமா?" என்று கத்தினேன்.

"பால் குடிச்சிட்டு வாய எடுக்காமத் தூங்குற புள்ள மாதிரி இருக்கு மதினி. தூங்குற புள்ளைய ஒதறிட்டுப் பூக் கேக்குற சாமியா எனக்குப் புள்ள குடுக்கப் போகுது?"

அவள் புல்லில் உட்கார்ந்தாள். பேர் போனால் போகட்டும் என்று நானும் உட்கார்ந்தேன்.

வெயில் மெதுவாகச் சரிவுக்கு வந்தது. முதலில் எறும்புகள் தண்டில் ஏறின. பிறகு வண்டுகள் ஒவ்வொன்றாகப் பிடியை விட்டு, முன்காலால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சிலிர்த்து எழுந்தன. கொஞ்ச நேரத்தில் பத்தனையே ரீங்கரித்தது. மீனம்மாவின் கையிலிருந்ததும் கிளம்பி நேரே ஒரு பூவுக்குள் தலையை விட்டது. நாங்கள் கொழுந்து பறிக்கிற வேகமெல்லாம் ஒரு வேகமா? ஒரு பூ, அடுத்த பூ, அதற்கடுத்த பூ. மலைக்கச் செய்துவிட்டன.

அவை குடித்துவிட்டு நகர்ந்த செடிகளில்தான் மீனம்மா பறித்தாள். அவற்றில் பூக்கள் தொட்டாலே கையோடு வந்தன.

சாயங்காலம் கோயிலில் சிவசாமி கேட்டார்: "வண்டு வாய் வைக்காத பூதானேம்மா?"

ஆமா சாமி என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் மீனம்மா முந்திக்கொண்டாள்.

"இல்லைங்க சாமி. அதுங்க குடிச்ச பொறகுதான் பறிச்சேன்."

அவர் முகம் சுருங்கியது. "அப்ப உள்ள ஆகாது. வெளிய நந்திக்குப் போட்டுட்டுப் போ."

எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு நாள் பேரைத் தொலைத்து, நாளெல்லாம் உட்கார்ந்து கட்டின மாலை! அவள் வெளியே வந்து தன் கையாலேயே நந்தியின் கழுத்தில் போட்டாள்.

கொழுந்து பறிக்கிற நேரம் தவிர, ஆறு மாதமாக ஒரு கையை வயிற்றைவிட்டு எடுக்காமல் காவல் வைத்துத் திரிந்தவள் அவள். அன்றைக்கு அந்த நந்திக்கு முன்னால் நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டாள்.