அக்கா வந்து போனாள்

முதியோர் பகல் பராமரிப்பு நிலையத்திலிருந்து ஆள் வருகிறது என்று தெரிந்ததும் அவள் முதலில் செய்த காரியம், வெளிக்கதவில் தொங்கிய பூட்டைக் கழற்றி அலமாரியின் அடித்தட்டில் பழந்துணிகளுக்குள் தள்ளியதுதான். அதற்குப் பிறகுதான் வீட்டைத் துடைத்தாள். கடைசியாகக் கணவரைத் துடைத்தாள். இஸ்திரி போட்ட சட்டையை மாட்டி, பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டு, தலையை வாரி நாற்காலியில் உட்காரவைத்தபோது மனிதர் மாப்பிள்ளை மாதிரி ஜம்மென்று இருந்தார்.

"யாரு வர்றா?" என்றார்.

"நிலையத்துல இருந்து ஒரு பொண்ணு. உங்களைப் பாக்க."

"என்னைப் பாக்கவா? எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சுன்னு சொல்லிட்டியா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வருகிறவளிடமும் இப்படியே பேசினால் காரியம் கெட்டது.

அவர் செருப்புக்கடையில் நின்றே வயதானவர். உள்ளே நுழைகிறவரின் காலைப் பார்த்த மாத்திரத்தில் அளவைச் சொல்லிவிடுவார். அதனால் கடைத்தெரு முழுக்க அவருக்கு 'நம்பர்' என்றே பெயர். இப்போது நினைவிலிருந்து கிழமை போய்விட்டது, சாப்பிட்டது போய்விட்டது, சில ராத்திரிகளில் கழிப்பறை எந்தப் பக்கம் என்பதும் போய்விடுகிறது. பேச்சு மட்டும் போகவில்லை. வாடிக்கையாளரை மடக்கிப்போடுகிற அந்த வாய் அப்படியே இருந்தது. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் அவரோடு சிரித்துப் பேசிவிட்டு, போகும்போது அவளைத்தான் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அவளுக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் விரிப்புகள் மடிக்கும் வேலை. அவள் வேலைக்குப் போயிருந்த ஒருநாள் அவர் வீட்டு உடையோடு கிளம்பிவிட்டார். செருப்புக்கடை இருந்த இடத்தில் இப்போது கைபேசிக்கடை. அதற்குள் போய், வந்தவர்களையெல்லாம் உட்காரச் சொல்லி, காலை நீட்டச் சொல்லியிருக்கிறார். யாரோ படம் எடுத்திருக்கிறார்கள். அந்தப் படம் ஊரெல்லாம் சுற்றிச் சலவைக்கூடத்துக்கே வந்தது. கூட வேலை செய்கிறவள், "பாவம், யாரு பெத்த பிள்ளையோ" என்று அவளிடமே காட்டினாள். அவளும் "பாவம்" என்றாள். என் வீட்டுக்காரர் என்று சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து வெளியே பூட்டிக்கொண்டு போனாள். கொஞ்ச நாளைக்குத்தான் என்று நினைத்தாள். அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை.

நிலையத்தில் இவரைப் போன்றவர்களைக் காலையில் வேனில் கூட்டிப்போய், பகல் முழுக்கப் பார்த்துக்கொண்டு, சாயங்காலம் கொண்டுவந்து விடுகிறார்கள். ஓர் இடம் காலியாகியிருக்கிறது. யாருக்கு அது அவசரம் என்று வீடு வீடாகப் பார்த்து வருகிறார்கள். அந்த இடம் கிடைத்துவிட்டால் பூட்டு தேவைப்படாது. உண்மையைச் சொன்னால் கிடைத்துவிடும். என்ன சொல்லவேண்டும் என்று விரிப்புகளை மடித்துக்கொண்டே வாய்க்குள் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்திருந்தாள்.

வந்த பெண் சின்னவள். தோளில் பெரிய பை. வாசலில் செருப்பைக் கழற்றக்கூட இல்லை, அதற்குள் அவர், "ஆறரை" என்றார்.

"என்னங்க ஐயா?"

"உங்க கால். கடைக்காரன் ஆறைத் தலையில கட்டிட்டான். விரலெல்லாம் உள்ளே அழுதுக்கிட்டிருக்கு."

அந்தப் பெண் தன் காலைப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். "ஐயோ, ஆமாங்க! காலையில இருந்து கடிக்குது."

"புதுசுல எல்லாம் கடிக்கத்தான் செய்யும். சந்தேகம்னா எங்க வீட்டம்மாவைக் கேளுங்க."

இந்தப் பெண்ணும் கவிழ்ந்தாயிற்று என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

கேள்விகள் மெதுவாகத்தான் வந்தன. குளிப்பது? "நானே." சாப்பிடுவது? "நானேதான். ஊட்டிவிட ஆள் இருந்தா வேணாம்னா சொல்லப்போறேன்?" ராத்திரித் தூக்கம்? அவர் மனைவியைப் பார்த்தார். ஈர விரிப்பை அவள் விடியுமுன் அலசிப் போட்டது இன்று காலையில்தான். வகிடெடுத்த தலையும் மடிப்புக் கலையாத சட்டையுமாக அவர் உட்கார்ந்திருந்த தோரணையைப் பார்த்தபிறகு அதை எப்படிச் சொல்வது?

"பரவால்ல. நல்லாத்தான் தூங்கறாரு," என்றாள்.

"நீங்க வேலைக்குப் போயிட்டா இவர் கூட யாரும்மா இருப்பாங்க?"

இதுதான் அந்தக் கேள்வி. மனப்பாடமாக வைத்திருந்த பதில் தொண்டைவரை வந்தது. கதவு, பூட்டு, தனியாக ஒரு மனிதர். அந்தச் சின்னப்பெண்ணின் சிரித்த முகம் இதைக் கேட்டால் எப்படி மாறும் என்று ஒரு கணம் மனசுக்குள் பார்த்துவிட்டாள்.

"நாத்தனார் வருவாங்க," என்றாள். "இவரோட அக்கா."

அவர் நிமிர்ந்தார். "யாரு, அக்காவா? அவ எங்க வந்தா?"

"என்னங்க..."

"வீட்டைப் பங்கு பிரிக்கறப்போ சண்டை போட்டுட்டுப் போனவ. செத்தாலும் இந்தப் படி மிதிக்க மாட்டேன்னுதானே போனா? அவ எப்படி வருவா?"

அவர் சொன்னதில் ஒரு சொல் பிசகில்லை. இவ்வளவு நேராக ஒரு நினைவு அவர் வாயிலிருந்து வந்து எத்தனையோ நாளாகிறது. வேறொரு நாளாக இருந்தால் அவரைக் கட்டிக்கொண்டிருப்பாள். நிலையத்துப் பெண் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மறந்துட்டீங்க," என்றாள் மனைவி. "நேத்துகூட வந்தாங்களே."

மெதுவாக, அன்பாகத்தான் சொன்னாள். அந்த அன்பை நினைத்துத்தான் பிறகு அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

அவர் முகம் எதையோ தேடியது. பையில் வைத்த பொருளைக் காணாதவர் போலத் தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார். "வந்தாளா?" மனைவியைப் பார்த்தார். பிறகு, "ஆமா... வந்தா. வந்தா," என்றார். அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பி, "தப்பா எடுத்துக்காதீங்க பாப்பா. இப்பல்லாம் எனக்குக் கொஞ்சம்..." என்று நிறுத்திக்கொண்டார். டாக்டரிடம்கூட ஒப்புக்கொள்ளாத விஷயம் அது. அதை அவரிடமிருந்து ஒரு பொய்யைக் கொடுத்து அவள் வாங்கியிருந்தாள்.

"சரிம்மா," என்று பெண் எழுந்தாள். "கூட ஒரு ஆள் இருக்காங்கன்னா கொஞ்சம் நிம்மதிதான். இந்தத் தடவை யாருமே இல்லாதவங்களுக்குக் குடுக்கணும். அடுத்த இடம் காலியானதும் உங்களுக்குச் சொல்றேன்."

அவள் தலையை ஆட்டினாள். வாயைத் திறக்க இன்னும் நேரம் இருந்தது. திறக்கவில்லை.

"வந்தவங்களை வாசல்வரைக்கும் கொண்டுபோய் விடணும்ல," என்று அவரும் எழுந்து முன்னால் நடந்தார். கதவு வெறுமனே சாத்தித்தான் இருந்தது. அவர் கைப்பிடியைத் தொடவில்லை. அதற்கு முன்னால் போய் நின்று, விரல் முட்டியால் தட்டினார். காதைப் பலகையில் வைத்துக் கேட்டார். மறுபடி தட்டினார்.

"யாராவது போறீங்களா? கொஞ்சம் திறந்து விடுங்களேன்."

அந்தக் குரலில் பதற்றமில்லை, கோபமில்லை. பழகிப்போன குரல். யாரும் வரவில்லை என்று தெரிந்ததும் விருந்தாளியைச் சமாதானப்படுத்துகிற மாதிரி திரும்பினார். "கொஞ்சம் பொறுத்துக்குங்க பாப்பா. சாயங்காலம் வந்து திறப்பாங்க."

தினமும் அவள் பூட்டைத் திறக்கும்போது அவர் கதவுக்குப் பின்னாலேயே நிற்பார். என் காலடிச் சத்தம் அவருக்கு அத்துப்படி, கேட்டதும் ஓடிவந்துவிடுவார் என்று சலவைக்கூடத்தில் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். அவர் ஓடிவந்து நின்றதில்லை. நின்றுகொண்டே இருந்திருக்கிறார்.

நிலையத்துப் பெண் பையைக் கீழே வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது மழுப்பியிருக்கலாம்.

"நாத்தனார் வரல," என்றாள் அவள் கடைசியில். தரையைப் பார்த்துச் சொன்னாள். "யாரும் வரல. வெளியே பூட்டிட்டுத்தான் போறேன்."

"சரிம்மா."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அந்த 'சரிம்மா'வில் உட்கார்ந்துவிட்டாள்.

பெண் அங்கேயே நின்று நிலையத்துப் பொறுப்பாளருக்குப் போன் போட்டாள். இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனை நீட்டினாள். "உங்க வாயாலயே கேக்கணும்னு சொல்றாங்க."

லைன் சரியில்லை. "பூட்டிட்டுப் போறேன்," என்றாள். "இல்லைங்க, பூட்டிட்டு! வெளியே இருந்து!" கத்தவேண்டியிருந்தது. வெளியே மாடிப் படிக்கட்டில் யாரோ ஏறிப்போகும் சத்தம் நின்றது. பொறுப்பாளர் கேட்டார், உள்ளே தீப்பிடித்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று.

"யோசிச்சிருக்கேன்," என்றாள். "யோசிச்சிட்டும் பூட்டிட்டுப் போயிருக்கேன்."

பிறகு, நாளைக்கே அழைத்து வாருங்கள், வேன் ஏற்பாடு ஆகும்வரை நீங்களே கொண்டுவந்து விடுங்கள் என்று பதில் வந்தது. இவ்வளவுதான். இதைச் சொல்ல வெட்கப்பட்டுத்தான் இத்தனை நாள் அவருக்கு அந்தக் கதவைக் காவல் வைத்திருந்தாள்.

பெண் போனபிறகு கதவை விரியத் திறந்து வைத்தாள். அவர் நாற்காலிக்குத் திரும்பியிருந்தார். அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவர் முழங்காலில் கைவைத்தாள்.

"என்னங்க. நீங்க சொன்னதுதான் சரி. அக்கா வரவே இல்ல. நான்தான் பொய் சொன்னேன்."

அவர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "வந்தாம்மா," என்றார். "நேத்து வந்தா. இங்கதான் உக்காந்திருந்தா. பழசையெல்லாம் மறந்துட்டு நல்லாத்தான் பேசினா." அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். "நீ மறந்துட்ட. போகுது விடு. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."